வருவோரை வணங்கிய அரசன்

எங்கள் அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் போகிறவர்கள், ஊர் நெருங்கியதும் சன்னல் பக்கம் தலையைத் திருப்பிக் கோபுரத்தைத் தேடுவார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிலர் இறங்கும் இடம் வந்துவிட்டதென்று பையை எடுப்பார்கள். என் சிறுவயதில் அங்கே தேடுவதற்குக் கோபுரம் இல்லை. 1924-இல் எரிந்து சிதைந்த ராஜகோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் மொட்டையாக வெயிலில் நின்றது. அதன் வாசலைத் தாண்டும்போது, இன்றைக்கும் அடிக்கிற அதே காற்று, முதலில் எதிரே வந்து தடுத்து, பிறகு முதுகில் கைவைத்து உள்ளே தள்ளும்.

பெரியப்பா ஒருமுறை அந்தக் கோயிலுக்குள் கூட்டிப்போய் ஒரு கல்வெட்டின் முன்னால் என்னை நிறுத்தினார். எனக்கு ஒரெழுத்தும் பிடிபடவில்லை. அவருக்கும் கல்லில் வாசிக்கத் தெரியாது. ஆனால் அதிலுள்ள பாட்டு மனப்பாடம்.

"ராசா கும்புடுதாரு பாத்தியாலே. யாரைன்னு சொல்லு பாப்போம்."

"சாமியை."

"சாமியை இல்லலே. நம்மளை."

அப்போது அது எனக்கு விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது. பல வருடம் கழித்து அந்தப் பாட்டின் பொருளைப் படித்தபோதுதான் பெரியப்பா உள்ளதை அப்படியே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. பராக்கிரம பாண்டியன் அதில் சொல்லும் செய்தி இவ்வளவுதான்: இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது ஒரு குறை வரலாம், அப்படி வரும்போது அதைச் சரிசெய்து காப்பாற்றப்போகிறவர் எவராக இருந்தாலும், அவரை ஊரறிய இப்போதே வணங்கிவிடுகிறேன்.

இதைச் சொன்னவன் எப்படிப்பட்ட அரசன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டு. மதுரை பாண்டியரின் கையைவிட்டுப் போயிருந்தது. ஒருகாலத்தில் இலங்கை வரை படை நடத்திய குலம், பொதிகை மலையடிவாரத்துக்கு ஒதுங்கி, சிற்றாற்றங்கரையில் ஒரு சிறிய தலைநகரை வைத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் 1446 வாக்கில் அவன் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். கோபுர வேலையையும் தொடங்கினான். அது முடிந்தது அவனுக்குப் பின், தம்பி குலசேகர பாண்டியன் காலத்தில். பெற்றதை இழந்த குலத்தில் பிறந்ததால்தானோ என்னவோ, கட்டியது நிலைக்காமல் போகலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வெற்றியையும் விருதையும் மெய்க்கீர்த்தியாகப் பொறித்துக்கொண்ட மன்னர்கள் நம்மிடம் ஏராளம். தனக்குப் பின் வரப்போகும் பெயர் தெரியாத ஒருவர் காலில் முன்கூட்டியே விழுந்த மன்னன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

தலைமை என்றால் என்ன என்று கேட்டு எழுதப்பட்ட புத்தகங்கள் இன்று கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. முன்னால் நடப்பது, துணிந்து முடிவெடுப்பது, ஆட்களைத் தன்பால் இழுப்பது என்றே பெரும்பாலும் பேசுகின்றன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு சங்கத்தையோ கம்பெனியையோ பள்ளிக்கூடத்தையோ ஐம்பது வருடம் தள்ளி நின்று பார்த்தால், அதை நடத்தியவர் எவ்வளவு வேகமாக நடந்தார் என்பது மங்கிவிடுகிறது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்த மறுநாள் காலையில் அங்கே என்ன நடந்தது என்பதே மிஞ்சி நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பால் சங்கம் இருந்தது. அதன் செயலாளர் இருபது வருடத்துக்கு மேல் ஒரு பைசா தொடாதவர். விடியற்காலை நான்கு மணிக்கு அவரே கதவைத் திறப்பார், அவரே லாக்டோமீட்டரை விட்டுப் பார்ப்பார், அவரே சிட்டையில் குறிப்பார், வாரப் பட்டுவாடாவையும் அவரே எண்ணிக் கொடுப்பார். சாவி இடுப்பில் தொங்கும். யாராவது உதவிக்கு வந்தால், "ஒனக்கு எதுக்குடே இந்தச் செரமம்" என்று அன்பாகவே திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு மார்கழி மாதம் அவர் திடீரென்று இறந்துபோனார். பேரேடு இருந்தது, ஆனால் பாதிக் கணக்கு அவர் மனதில் இருந்தது. யாருக்கு எவ்வளவு பாக்கி, தீவனக் கடன் யார் பேரில், கேன் எத்தனை வெளியே போயிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரத்தில் சங்கம் நின்றது. இரண்டு மாடு வைத்துப் பிழைத்த வீடுகள் வந்த விலைக்குப் பாலை ஊற்றின. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரே அவரை நம்பித்தான் தூங்கியது. அந்த நம்பிக்கையில் ஊரின் தவறும் இருக்கிறது.

இதே கதையைப் பன்மடங்கு பெரிதாக எங்கள் பழைய திருநெல்வேலி ஜில்லா ஒருமுறை பார்த்திருக்கிறது. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவராகப் பாண்டித்துரைத் தேவர் இருந்தார். ஏட்டில் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இருந்தது துணைச் செயலாளர் பதவிதான். ஆனால் கம்பெனியின் மூச்சு யாரென்று நாட்டுக்கே தெரியும். ஒட்டப்பிடாரத்து வக்கீல், வயது 34, கப்பல் தொழிலில் முன் அனுபவம் கிடையாது. முதலில் வாடகைக்கு எடுத்த கப்பலை அதன் சொந்தக்காரர்கள் பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்கடிக்குப் பயந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த மனிதர் அசரவில்லை. கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்தார். பிறகு பம்பாய் போய்ப் பங்கு சேர்த்தார். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சங்கத்துக்குச் சொந்தமாக வந்து சேர்ந்தன.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்கள் அதற்கும் கீழே இறங்கினார்கள். கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்ற அளவுக்குப் போனார்கள் என்று தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள். ஆனாலும் சனங்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். ஒரு தலைவரின் சொல் வியாபாரக் கணக்கையே மாற்றிப்போட்ட அபூர்வமான நேரம் அது.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தன. மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. அதற்கு முந்தின வருடமே கணக்கை முடித்துக் கலைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் அடிக்கடி நின்றுவிடுகிறேன். கம்பெனி விழுந்ததற்கு வ.உ.சி. பொறுப்பாளி என்று சொல்ல எவருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. சிறையில் செக்கிழுத்த மனிதர் அவர். ஒரு சாம்ராஜ்யம் முழுப் பலத்தோடு வந்து நசுக்கியபோது எந்தக் கம்பெனியும் தாங்கியிருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் அடித்தவர்களின் பக்கமிருந்து யோசித்தால் ஒன்று புரிகிறது. பங்குதாரர்கள் பலர் இருந்தார்கள், இயக்குநர்கள் இருந்தார்கள், கப்பல் இரண்டு மிதந்துகொண்டிருந்தது. அவர்கள் முக்கியமாகக் குறிவைத்தது அவற்றை அல்ல. ஒரே ஒருவரைப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கு சரியாக வந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நிர்வாகி ஒருவர், முடிவெடுக்கத் துணிகிற இரண்டாவது ஆள் ஒருவர், சந்தாவைத் தொடர்ந்து வாங்குகிற ஒரு அமைப்பு — இவை வேர்பிடிக்கப் பதினேழு மாதம் போதவில்லை.

அதே நாட்களில், அதே ஊரில், வேறொன்று தாங்கியது. தலைவர்கள் உள்ளே போன பிறகு கோரல் மில் தொழிலாளர்கள் தாங்களாகவே மறுபடி வேலையை நிறுத்தினார்கள். கூலி கேட்டு அல்ல, கைதைக் கண்டித்து. இந்தியாவில் அரசியலுக்காக நடந்த முதல் வேலைநிறுத்தங்களில் அதுவும் ஒன்று. பம்பாய் மில் தொழிலாளர்கள் திலகருக்காக இறங்கியது அதற்குப் பிந்திய ஜூலையில். வ.உ.சி. கம்பெனிக்குத் தன் உடம்பையே கொடுத்தார். தொழிலாளிக்கு அவர் கொடுத்தது வேறு: எப்படிக் கூடுவது, எப்படிக் கேட்பது என்ற பழக்கம். கொடுத்ததில் பின்னது சிறைக்கு வெளியே இருந்தது.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் இந்த இக்கட்டைத்தான் விரித்து எழுதினார். ஒரு மனிதரின் ஈர்ப்பினால் உருவாகும் அமைப்பு, அந்த மனிதருக்குப் பின்னும் வாழ வேண்டுமானால், அந்த ஈர்ப்பு மெல்ல மெல்ல விதியாகவும் வழக்கமாகவும் பதவியாகவும் மாறியாக வேண்டும் என்பது அவர் கருத்து. குஜராத்தில் அது நடந்தது. கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தை 1946-இல் தொடங்கிய திரிபுவன்தாஸ் படேல், 1949-இல் ஆனந்த் ஊருக்கு வந்த, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியாளரைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நிர்வாகத்தை ஒப்படைத்தார். விவசாயிகளின் நம்பிக்கை படேலிடம், தொழில்நுட்பம் குரியனிடம். படேல் பின்னாளில் தானாக விலகிக்கொண்டார். குரியனின் விலகல் அவ்வளவு சுமுகமாக இல்லை. 2006-இல் கருத்து வேறுபாடுகளுக்கு நடுவே வெளியேறினார். ஆனாலும் பால் ஒருநாள்கூட நிற்கவில்லை. கிராமத்துச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்று மூன்று அடுக்கும் அதற்குள் தன் காலில் நின்றுவிட்டன. எங்கள் செயலாளர் இறந்த அந்த மார்கழியை நினைக்கும்போதெல்லாம் இது எனக்கு உறைக்கும்.

தூரத்துக் குஜராத் வேண்டாம். அச்சன்புதூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லிவிடலாம், ஆய்க்குடி. அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் உள்ள ஊர். அந்த ஊரின் ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். தேர்வின் ஒரு கட்டத்தில் உயரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை செய்தவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல்.

1981-ஐ ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு ராமகிருஷ்ணன் சொந்த ஊரில் சில பிள்ளைகளை வைத்து ஒரு சிறு பள்ளி தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் அமர் சேவா சங்கம். தன் பெயரை வைக்கவில்லை, குலதெய்வத்தின் பெயரையும் வைக்கவில்லை. தனக்கு வைத்தியம் பார்த்த சீக்கிய டாக்டரின் பெயரில் பாதியை எடுத்து வைத்தார். அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தென்காசிக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். பாண்டியன் பின்னால் வருவோரை வணங்கினான். இவர் முன்னால் வந்தவரை.

படுத்த படுக்கையில், ஒரு விரலையும் தானாக அசைக்க முடியாத ஒருவர் எப்படி நிர்வாகம் செய்வார்? இந்தக் கேள்விக்கு ஆய்க்குடியில் கிடைக்கும் விடை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவரால் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ள முடியாது. கதவைத் தானே திறக்க முடியாது, பேரேட்டைத் தானே எழுத முடியாது. முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் சொல்லித்தான் செய்விக்க வேண்டும். சொன்னதை இன்னொருவர் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டவரை நம்பித்தான் ஆக வேண்டும். மற்றத் தலைவர்கள் அறுபது வயதுக்கு மேல் மனமில்லாமல் கற்கிற பாடம் அவருக்குத் தொடக்கத்திலேயே வேறு வழியில்லாமல் அமைந்துவிட்டது. இது என் ஊகம்தான். ஆனால் அந்தச் சங்கத்தின் வளர்ச்சியைப் பார்த்தால் தவறென்று தோன்றவில்லை.

1992-இல் சங்கரராமன் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்கர். தசைச் சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் இருப்பவர். சென்னையில் தொழிலைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம், ஆய்க்குடியைத் தேர்ந்தெடுத்தார். தலைவரும் செயலாளருமாக இருவரும் சேர்ந்தபின் சங்கத்தின் நடையே மாறியது. கணக்கு, தணிக்கை, திட்டம், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு கூட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. பள்ளி, உடற்பயிற்சிச் சிகிச்சை, செயற்கைக் கால், காலிப்பர் செய்யும் பட்டறை, தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு, எல்லாம் ஒரு பெரிய வளாகத்துக்குள் இருக்கின்றன.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வளாகத்துக்கு வெளியே நடப்பது. பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை, ஒரு பக்கம் கை வரவில்லை என்றால், முன்பெல்லாம் தாய் அதை இடுப்பில் சுமந்துகொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அலைய வேண்டும். இரண்டு முறை போவாள், மூன்றாம் முறை கூலியை விட்டுப் போக முடியாது. சங்கம் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. அந்தப் பெண் வாரந்தோறும் வீட்டுத் திண்ணைக்கே வந்து பிள்ளையின் கையைக் காலை நீட்டி மடக்கி, தாய்க்கும் சொல்லிக்கொடுத்து, பிள்ளையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறாள். தூரத்திலிருக்கும் சிகிச்சையாளர் அதைப் பார்த்து அடுத்த வாரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார். அறிவு ஒருவர் தலையில் தங்காமல் இத்தனை கைகளில் பரவியிருக்கிறது. 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது இந்தப் பக்கம் முழுக்கச் சந்தோஷப்பட்டது. அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்த பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மத்தளம்பாறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்ரீதர் வேம்பு 2011-இல் தென்காசிப் பக்கம் அந்தக் கிராமத்தில் சோஹோ நிறுவனத்தின் அலுவலகத்தைத் திறந்தார். பிறகு தானும் அங்கேயே குடிவந்தார். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, மென்பொருள் வேலை கற்றுக்கொடுக்கும் பள்ளியும் நடக்கிறது. 2025 ஜனவரியில் அவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து இறங்கித் தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் போனார். நிறுவனத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டியவர்களில் ஒருவரான சைலேஷ் குமார் தாவே அந்த இடத்துக்கு வந்தார். இது எப்படிப் போகும் என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் பல வருடம் ஆகும். பதவியைவிட்டு இறங்குவது வேறு, இறங்கியபின் வழியை மறிக்காமல் நிற்பது வேறு; இரண்டாவதுதான் கடினம்.

எங்கள் வயற்காட்டில் இதற்கெல்லாம் முந்திய ஒரு ஏற்பாடு இருந்தது. சாரல் இறங்கிக் குளம் பெருகினால் கார், ஐப்பசி மழைக்குப் பிசானம். இரண்டு பருவத்துக்கும் மடையைத் திறந்து அடைக்கிற பொறுப்பு ஒருவரிடம் இருக்கும். மடைக்குடும்பன் என்றோ நீர்ப்பாய்ச்சி என்றோ ஊருக்கு ஊர் பெயர் மாறும். தென்மாவட்டங்களில் பல இடங்களில் நிலமில்லாத ஒருவரையே இதற்கு வைத்தார்கள். தன் வயலுக்கு முதலில் திருப்பிக்கொள்ள அவருக்கு வயல் இருக்காது. எந்த வரப்பில் எவ்வளவு நேரம், எந்த மடைக்கு எந்த முறை என்று ஊர் கூடி வகுத்த ஒழுங்கை அவர் நடத்துவார். அறுவடையில் நெல்லாகக் கூலி. அவர் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிறுவயதிலிருந்தே மண்வெட்டியோடு கூடவே நடந்த பையனுக்கு அது போய்ச் சேரும். கிணறும் பம்புசெட்டும் வந்தபின் கூடவே நடக்கப் பையன்கள் இல்லை. நிலமில்லாதவரின் நியாயத்தை நம்பித் தண்ணீரை ஒப்படைத்த ஊர், அவரை ஊருக்குள் சமமாக உட்காரவைக்கவில்லை என்பதையும் மறக்காமல் சொல்லியாக வேண்டும். தலைமையைக் கொடுத்து மரியாதையைக் கொடுக்காத ஏற்பாடு அது. அந்த வீட்டுப் பிள்ளைகள் விலகிப் போனதில் வியப்பில்லை.

மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரத்துக்கும் ஒருநாள் ஆள் வந்தது. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று திருப்பணி நடத்த, ஒன்பது நிலைகளோடு, ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு 1990-இல் ராஜகோபுரம் எழும்பி முடிந்தது. அரசனும் இல்லை, பாண்டிய நாடும் இல்லை. பத்திரிகை நடத்தியவரும் ஊராரும் கூடி முடித்தார்கள். குடமுழுக்குக்கு எங்கள் ஊரிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போனோம். பெரியப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, நேரே உள்ளே போய், அந்தக் கல்வெட்டின் முன்னால் நின்று, ஒரு கும்பிடு போட்டார். பாண்டியனுக்குப் பதில் கும்பிடு.

பால் சங்கம் எட்டு மாதம் மூடிக்கிடந்து மறுபடி திறந்தது. இப்போது செயலாளர் ஒரு பெண். பழைய பேரேட்டை வீடு வீடாக எடுத்துப்போய், ஒவ்வொருவரிடமும் கேட்டு, பாக்கியை நேர்செய்தவர். மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு முழுவதையும் வாய்விட்டு வாசிப்பார். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் மறுபடி வாசிப்பார். சாவி மூன்று, மூன்று வீட்டில் இருக்கிறது. சாயங்காலப் பால் நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் இரண்டு பிள்ளைகள் சிட்டை எழுதுகிறார்கள். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தப்பாக எழுதினால் உடனே திருத்துவதில்லை. கூட்டிப் பார்க்கச் சொல்கிறார்.